பல்வைத்தியம் பயில எங்கே செல்வது?

க.பொ.த. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகி, பல்கலைக்கழக அனுமதிக்கான விண்ணப்பங்கள் நிரப்பப்படும் நாள்களில் எமக்கு வரும் கடிதங்கள் பெருகுவது வழக்கம். எந்தப் பாடநெறியை முதலில் எழுதுவது, எதனை இரண்டாவதாக எழுதுவது என்பதே அவற்றுட் பெரும்பாலானவற்றின் பொருள். இவ்வாரம் அக்கடிதங்களுள் ஒன்றை மாத்திரம் எடுத்துக்கொண்டு, அதற்கு மறுமொழியாகவே இப்பகுதி முழுவதையும் எழுத எண்ணினோம். வினவியது ஒரு குடும்பமேயாயினும், கண்டியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வினாவும் அதுவேயாம்.

கம்பளையிற் சிறு வணிகம் நடத்தும் தந்தையார் ஒருவர் எழுதுகின்றார். அவருடைய மூத்த மகள் கண்டியிலுள்ள பெண்கள் பாடசாலையொன்றில் உயிரியல் விஞ்ஞானப் பிரிவிற் பயின்று, இரண்டாம் முறை பரீட்சைக்குத் தோற்றியுள்ளார். கிடைத்த இசட் புள்ளி, சென்ற ஆண்டுகளின் வெட்டுப்புள்ளிகளோடு ஒப்பிடுகையில், கண்டி மாவட்டத்திலிருந்து மருத்துவத்துக்குச் சற்றே குறைவு, பல்வைத்தியத்துக்குப் போதுமானது. வீட்டில் நால்வர் நான்கு திசையில் இழுக்கின்றனராம். பேராதனையே போதும், வீட்டிலிருந்து போய்வரலாம் என்கிறார் தாயார். கொழும்பிலிருக்கும் தாய்மாமன், நுகேகொடையிலுள்ள ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்திலும் இப்பொழுது பல்வைத்திய பீடம் உண்டு, பிள்ளை எம் வீட்டில் தங்கலாம் என்கிறார். கனடாவிலிருக்கும் சிற்றப்பா, தமிழ்நாட்டில் தனியார் கல்லூரியொன்றிற் சேர்த்துவிடுங்கள், செலவிற் பாதி என்னுடையது என்று எழுதியிருக்கிறார். அண்ணனோ, இன்னுமொரு முறை பரீட்சை எழுதி மருத்துவத்துக்கே போகட்டும் என்று நிற்கிறான். "மகளைக் கேட்டால், அப்பா சொல்வதுபோற் செய்கிறேன் என்கிறாள். எனக்கோ சொல்லத் தெரியவில்லை" என்று தந்தையார் முடிக்கிறார். முடித்தபின், நினைவு வந்தவர் போல ஓரத்தில் ஒருவரி: "மகள் இடக்கைப் பழக்கமுடையவள். அது இத்தொழிலுக்குத் தடையாகுமா?"

கடைசி வினாவைக் கடைசியிலேயே வைத்துக்கொள்வோம்.

முதலிற் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. பல்வைத்தியத்தை மருத்துவம் தவறியவர்க்குக் கிடைக்கும் ஆறுதற் பரிசாகவே எமது பெற்றார் பலரும் கருதுகின்றனர். கலியாண வீடுகளில் "மகன் டொக்டர்" என்று உரக்கச் சொல்வோர், அடுத்து எந்த வகை டொக்டர் என்று கேட்கப்பட்டவுடன் குரலைத் தாழ்த்துவதை நாம் கண்டிருக்கிறோம். இந்த எண்ணத்தோடு பிள்ளையை அனுப்பினால், எந்தப் பீடத்துக்கு அனுப்பினாலும் அது வருத்தத்தோடு செல்லும் பயணமாகவே முடியும். ஐந்தாண்டுகள் ஒரு துறையைக் கற்பவர் தாம் தோற்றுப்போய் வந்த இடமென்று அதனை நினைத்துக்கொண்டே கற்றல் கொடுமை. ஆகவே, பல்வைத்தியத் தொழிலை மகள் விரும்புகின்றாரா என்பதை, தந்தையாரின் முகத்தைப் பாராமல் அவர் சொல்லக்கூடிய முறையில், தாயாரோ ஆசிரியை ஒருவரோ கேட்டறிய வேண்டும். விரும்பவில்லையாயின் இங்கே வாசிப்பதை நிறுத்திவிடலாம். விரும்புகின்றாராயின், எங்கே என்ற வினாவுக்கு அப்பொழுதுதான் பொருளுண்டு.

அவ்வினாவே இந்நாட்டுக்குப் புதிது என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். உலகிலேயே பல்வைத்தியத்துக்கென்று தனிக் கல்லூரி முதன்முதல் எழுந்தது 1840ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில். அதற்கு முன்னர் நாவிதரும், கொல்லரும், சந்தையிற் கூட்டங் கூட்டிப் பல் பிடுங்குவோருமே மேலைநாடுகளிலும் பெரும்பான்மை மக்களுக்கு இத்தொழிலைச் செய்துவந்தனர். இந்தியாவில் முதற் கல்லூரியைக் கல்கத்தாவில் 1920ஆம் ஆண்டில் தொடங்கியவர், அமெரிக்காவின் அயோவாவிற் பயின்று மீண்ட ரபியுதீன் அகமது என்பவர். எமது நாட்டில், இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் நிறுவப்பட்டதற்கு அடுத்த ஆண்டிலே, கொழும்பு மருத்துவ பீடத்தின் ஓர் அங்கமாகப் பல்வைத்தியக் கல்வி தொடங்கியது. 1950களில் அது பேராதனைக்கு வந்து சேர்ந்தது. பேராதனையில் மருத்துவ பீடம் தொடங்கியது 1962இலேயே. ஆதலின், கண்டிப் பகுதிக்கு மருத்துவக் கல்விக்கு முன்னரே பல்வைத்தியக் கல்வி வந்துவிட்டதென்பது பலரும் அறியாத செய்தி. பின்னர் 1980களில் அது தனிப் பீடமாயிற்று. 1990களில் ஜப்பானிய அரசின் உதவியோடு புதிய பல் போதனா வைத்தியசாலையும் எழுந்தது.

முக்கால் நூற்றாண்டுக்கு நாடு முழுவதற்கும் இந்த ஒரு கல்விக்கூடமே இருந்தது. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ காலியிலோ இந்நாட்டிற் படித்துப் பட்டம் பெற்ற ஒரு பல்வைத்தியரைக் கண்டால், அவர் எங்கே படித்தார் என்று கேட்க வேண்டிய தேவையே இருந்ததில்லை. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தில் பீடம் தொடங்கிய அண்மைய ஆண்டுகளிலேதான் இலங்கை மாணவர் தம் நாட்டுக்குள்ளேயே தெரிவு செய்யும் நிலை உண்டாயிற்று. தெரிவு செய்யப் பழகாத குடும்பங்கள், பழைய பெயரையோ புதிய கட்டடத்தையோ உறவினர் வீட்டின் தூரத்தையோ கொண்டு தெரிவு செய்ய முற்படுவது இயல்பே. அவற்றுள் ஒன்றேனும் பல்வைத்தியம் எவ்வாறு கற்கப்படுகிறது என்பதைப் பொறுத்ததன்று. அதைச் சற்று விரிவாகக் கூறுவோம்.

பல்வைத்திய மாணவர் முதலில் உடற்கூற்றியல், உடற்றொழிலியல், உயிரிரசாயனம் என்பவற்றைக் கற்பர். இவை புத்தகமும் ஆய்வுகூடமும் சார்ந்தவை. நல்ல மாணவர் எங்கிருந்தும் கற்கத்தக்கவை. அதன்பின் தொடங்குவதே வேறு கல்வி. மெழுகுக் கட்டியைக் கையிற் கொடுத்து, இதிலிருந்து ஒரு கடைவாய்ப்பல்லைச் செதுக்கு என்பர். புடைப்பு இத்தனை, பள்ளம் இத்தனை, வளைவு இவ்வளவு என்று பார்த்துப் பார்த்துச் செதுக்கிக் கொண்டுபோனால், ஆசிரியர் ஒரு பார்வை பார்த்து, மறுபடியும் செய் என்பார். கணிதத்திலும் இரசாயனத்திலும் எப்பொழுதும் முதலிடம் பெற்றுவந்த பிள்ளைகள் இங்கே முதன்முறையாகத் தடுமாறுவர். வீட்டில் மாலை தொடுக்கவும், கோலமிடவும், தையல் வேலை செய்யவும் பழகிய கை இங்கே முந்திக்கொள்வதும் உண்டு.

மெழுகைத் தாண்டினால் மாதிரித் தலை. வாயைத் திறந்தபடி மேசையிற் பொருத்தப்பட்டிருக்கும் அப்பொம்மைத் தலைக்குள்ளே பிளாஸ்டிக் பற்கள் இருக்கும். மேற்றாடையின் கடைவாய்ப்பற்களை நேரே பார்க்க இயலாது. சிறு கண்ணாடியைப் பிடித்து அதனுள்ளே தெரியும் உருவத்தைப் பார்த்தே துளைக்க வேண்டும். கண்ணாடியில் முன்னது பின்னதாகத் தோன்றும். கை ஒரு பக்கம் போக, கண் மறுபக்கம் இழுக்கும். முகம் பார்க்கும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு ஒரு தாளிற் பெயரை எழுதிப் பாருங்கள். இத்தொல்லையின் சிறு பங்கு விளங்கும். அத்தொல்லை நீங்கப் பல மாதங்கள் செல்லும். எத்தனை மணித்தியாலம் அம்மாதிரித் தலையின் முன்னே உட்கார இடங்கிடைக்கிறது, எத்தனை மாணவருக்கு ஒரு தலை, பக்கத்தில் நின்று திருத்தும் ஆசிரியர் எத்தனை பேர் என்பனவே இங்கு முக்கியம். கட்டடத்தின் முகப்பு முக்கியமன்று.

அடுத்தது நாற்காலி. உயிருள்ள மனிதர் வந்து உட்காரும் பற்சிகிச்சை நாற்காலி. இதுவே பல்வைத்தியக் கல்வியின் நடு. மருத்துவ மாணவர் ஆசிரியரின் பின்னே நின்று நோயாளியைப் பார்த்துக் கற்பது பெரிது. பல்வைத்திய மாணவரோ பட்டம் பெறுவதற்கு முன்னரே, ஆசிரியரின் கண்காணிப்பில், தம் கையாலேயே பல்லை அடைத்தும், கழற்றியும், கட்டுப்பல் பொருத்தியும் பழகுகின்றனர். ஆகவே ஒரு கல்லூரிக்கு நோயாளர் வராவிடின் அங்கே கல்வி இல்லை. எத்தகைய நோயாளர் வருகின்றனர் என்பதும் அதே அளவு முக்கியம். சொத்தைப் பல் எங்கும் உண்டு. ஆனால் பேராதனை வைத்தியசாலைக்கு மலைநாட்டின் தோட்டங்களிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் வெற்றிலை போடும் மக்கள் வருகின்றனர். இலங்கை ஆடவரிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே. புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோய்க்குக் காரணமென்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 1985இலேயே வகைப்படுத்தியது. புகையிலை சேராத பாக்கு வெற்றிலையும் அவ்வாறே என்று 2004இல் அறிவித்தது. நாவின் ஓரத்தில் வெண்மையாய்ப் படர்ந்த ஒரு திட்டு, கன்னத்தின் உட்புறத்திற் சிவந்த ஒரு புள்ளி, நாளுக்கு நாள் வாய் திறப்பது குறைந்து இரண்டு விரல் நுழையாத நிலை: இவற்றைப் படத்திற் பார்ப்பது வேறு, தோட்டத்துத் தாயொருத்தியின் வாயிற் காண்பது வேறு. தொடக்கத்திற் கண்டுகொண்டால் உயிர் பிழைக்கும் நோய் அது. 1980களின் தொடக்கத்திலேயே, கிராமத்துச் சுகாதார ஊழியர்களைப் பழக்கி, வீடு வீடாகச் சென்று வாயைப் பார்த்து அத்திட்டுகளைக் கண்டறியச் செய்யலாமென்று இந்நாட்டுப் பல்வைத்தியர் ஆய்ந்து காட்டினர்; அவ்வாய்வு உலகச் சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் 1984இல் வெளிவந்தது.

எமது மக்கள் வாழும் தோட்டங்களில் வெற்றிலைப் பை இல்லாத வீட்டைக் காண்பது அரிது. அந்த மக்களிடம் அவர்களுடைய மொழியிலேயே, "அம்மா, இந்தப் புண் எத்தனை நாளாக இருக்கிறது?" என்று கேட்கக்கூடிய பல்வைத்தியர் எத்தனை பேர் உள்ளனர் என்று எண்ணிப் பார்த்தால், கம்பளைத் தந்தையாரின் வினா அவருடைய வீட்டுக்கு மாத்திரம் உரியதன்று என்பது தெரியும்.

இனித் தெரிவுக்கு வருவோம். புதிய பீடத்தை நாம் குறைத்துக் கூற வரவில்லை. புதிய இடத்திற் புதிய உபகரணங்கள் இருக்கலாம். உற்சாகமுள்ள இளம் விரிவுரையாளர் இருக்கலாம். கொழும்பின் சனத்தொகைக்கு நோயாளரும் குறையார். ஒரு பீடத்தின் முதல் அணிகளிற் கற்போருக்கு ஆசிரியரின் கவனம் நெருங்கிக் கிடைப்பதும் உண்டு. மறுபுறத்தில், பழைய பீடத்திற் பல தலைமுறை ஆசிரியரின் அநுபவமும், எல்லாத் துறைகளிலும் ஊன்றிய பிரிவுகளும், பின்பு தொழிலில் எங்கே போனாலும் முன்சென்ற ஒருவரைச் சந்திக்கும் வசதியும் உண்டு. ஆயின் இவையெல்லாம் பொதுப்பேச்சு. தெரிவு செய்பவர் பொதுப்பேச்சை நம்பாது, தம் காலால் நடந்துபோய்ப் பார்க்க வேண்டும்.

பல்வைத்திய பீடத்தைப் பார்ப்பது மற்றெந்தப் பீடத்தையும் பார்ப்பதைவிட எளிது. பொறியியற் பீடத்துக்குள்ளே போய்ப் பார்க்க ஒருவரின் தயவு வேண்டும். பல் போதனா வைத்தியசாலைக்குப் பல்வலி போதும்! எம்மவருள் வாயில் ஒரு பழுதுமில்லாதவர் யார்? நாமும் ஒருமுறை ஒரு போதனா வைத்தியசாலையிற் கடைவாய்ப்பல் ஒன்றை மாணவர் ஒருவரிடம் ஒப்படைத்தோம். தனியார் வைத்தியர் அரைமணி நேரத்திற் செய்யும் வேலைக்கு ஏறத்தாழ முற்பகல் முழுவதும் சென்றது. ஒவ்வொரு படி முடிந்ததும் அம்மாணவர் எழுந்து சென்று ஆசிரியரை அழைத்துவந்தார். ஆசிரியர் கண்ணாடியை வைத்துப் பார்த்து, ஓரத்தில் இன்னும் சிறிது என்று சொல்லிப் போனார். அவ்வாறு மூன்று முறை. வாய் நொந்தது உண்மை. ஆனால் எமது பிள்ளை ஒன்று இத்தொழிலைக் கற்பதாயின் அவ்வாறே கற்க வேண்டுமென்று அன்று அந்நாற்காலியிற் படுத்தபடி நினைத்தோம்.

ஆதலின் தந்தையார் ஒரு வேலைநாளின் காலையில் மகளையும் அழைத்துக்கொண்டு கம்பளையிற் புகையிரதமேறிப் பேராதனைக்குச் செல்லட்டும். இன்னொரு நாள் மாமனார் துணையோடு நுகேகொடைக்கும் செல்லட்டும். நாற்காலிகளில் நோயாளர் நிறைந்திருக்கின்றனரா, அன்றி மாணவர் கூடி நின்று ஒரு நோயாளருக்காகக் காத்திருக்கின்றனரா என்று பார்க்கட்டும். ஆசிரியர் நாற்காலியருகே காணப்படுகின்றாரா என்று பார்க்கட்டும். இறுதியாண்டு மாணவி ஒருத்தியைச் சந்தித்து, "எத்தனை பல் அடைத்திருக்கிறீர்கள், எத்தனை கட்டுப்பல் செய்திருக்கிறீர்கள், கருவிகளுக்கு உங்கள் கையிலிருந்து எவ்வளவு செலவாயிற்று?" என்று மகள் கேட்கட்டும். இவ்வினாக்களுக்குக் கிடைக்கும் விடை எந்த விளம்பரத் தாளிலும் அச்சாவதில்லை.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். இரு பீடங்களிலும் கல்வி ஆங்கிலத்திலேயே. தமிழ் மொழி மூலம் உயர்தரம் கற்ற பிள்ளைகளுக்கு முதலாண்டு இதனாற் கடினமாகும். விடுமுறையிலேயே ஆங்கிலத்தில் உயிரியல் நூலொன்றை வாசிக்கத் தொடங்கினால் அக்கடினம் பாதியாகும். ஆனால் நாற்காலியில் உட்காரும் நோயாளி ஆங்கிலம் பேசமாட்டார். சிங்களம் பேசத் தெரியாத மாணவர் நோயாளியிடம் வரலாறு கேட்கும்போது திணறுவர். கண்டிச் சூழலில் வளர்ந்த பிள்ளைக்குச் சிங்களம் ஓரளவு வரும்; அது இங்கே பெருஞ்செல்வம். தமிழ் பேசும் நோயாளர் மிகுதியாக வரும் இடத்திற் கற்பதும் அவ்வாறே. இவ்விரண்டிலும் பேராதனைக்கு ஒரு முதன்மை உண்டென்பது எமது அபிப்பிராயம்.

சிற்றப்பாவின் யோசனை அன்பினால் எழுந்தது. அதை அன்போடே ஆராய்வோம். தமிழ்நாட்டிற் பல்வைத்தியக் கல்வி இளமையானதன்று. சென்னை மருத்துவக் கல்லூரியின் பிரிவாக 1953இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி இன்றும் சிறந்து விளங்குகிறது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கிய கல்லூரி 1980 முதல் நடைபெறுகிறது. ஆனால் இந்தியா முழுவதும் முந்நூறுக்கு மேற்பட்ட பல்வைத்தியக் கல்லூரிகள் உள்ளன, பெரும்பாலானவை தனியாருடையவை. அவை யாவும் ஒரே தரத்தன என்று எவரும் சொல்லார். சிலவற்றில் நாற்காலி நூறு இருக்க நோயாளர் பத்துப் பேரே வருவர் என்று அங்கு படித்து மீண்டவர் வாயாற் கேட்டிருக்கிறோம். வெளிநாட்டு மாணவரும் நீட் என்னும் நுழைவுத் தேர்விற் சித்தியடைதல் வேண்டும். படித்து மீண்டபின், இந்நாட்டிற் தொழில் செய்வதற்கு இலங்கை மருத்துவ சபையின் பதிவு வேண்டும். பல்வைத்தியரும் அச்சபையிலேயே பதியப்படுகின்றனர். வெளிநாட்டுப் பட்டதாரிகள் அதற்கெனத் தனிப் பரீட்சை எழுத வேண்டும். ஆகவே கல்லூரிக்குக் கட்டணத்தில் ஒரு சதமேனும் செலுத்துமுன், அக்கல்லூரியின் பெயரை மருத்துவ சபையிடம் எழுத்திற் கேட்டு, எழுத்தில் விடை பெறல் வேண்டும். முகவர் காட்டும் கடிதம் விடையாகாது. மலையகத்தில் ஒரு குடும்பம் காணியை விற்று, தாலிக்கொடி ஒழிந்த நகையனைத்தையும் அடகு வைத்துப் பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பியதையும், பிள்ளை மீண்டு வந்து பதிவுக்காக ஆண்டுகளைக் கழித்ததையும் நாம் அறிவோம். அப்பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளை. கேட்டு அறியாமற் போனது பெரியோர்.

இலவசமாகக் கற்க இடங்கிடைக்கும் பிள்ளையைப் பணங்கொடுத்துக் கற்க அனுப்புவதற்கு மிகவும் வலிய காரணம் வேண்டும். அத்தகைய காரணம் எதுவும் இக்கடிதத்தில் எமக்குத் தென்படவில்லை. சிற்றப்பாவின் பணம் வீணாக வேண்டியதுமில்லை. கருவிகளும் நூல்களும் விடுதிச் செலவும் உண்டு. பட்டம் பெற்றபின் கம்பளையிற் சொந்தமாக ஒரு பற்சிகிச்சை நிலையம் வைப்பதாயின் ஒரு நாற்காலியின் விலை சிறிதன்று.

அண்ணனுக்கும் விடை சொல்ல வேண்டும். பல்கலைக்கழக அனுமதிக்கு உயர்தரப் பரீட்சையை மூன்று முறைக்கு மேல் எழுதிப் பயனில்லை. தங்கைக்கு எஞ்சியிருப்பது ஒரு முறையே. கிடைத்த இடத்திற் பதிவு செய்துகொண்டால், பின்னொரு பரீட்சையின் பேரில் வேறு இடங்கோர விதி பொதுவாக இடந்தராது. ஆகவே இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளலாமென்று எண்ண வேண்டாம். அன்றியும் கண்டி மாவட்டத்திற் போட்டி கடுமையானது. அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. அயலிலுள்ள நுவரெலியா மாவட்டம் அக்கடைசிப் பங்கிற்கு உரியது. கண்டி மாவட்டம் அன்று. அடுத்த ஆண்டு வெட்டுப்புள்ளி ஏறுமோ இறங்குமோ எவரும் உறுதிகூற இயலாது. தங்கை மருத்துவத்தையே கனவாகக் கொண்டிருந்தால், அவ்வாறு அவரே சொன்னால், மூன்றாம் முறைக்கு ஒரு நியாயமுண்டு. அண்ணனின் கனவுக்காக ஒரு பெண் இன்னும் ஓராண்டு டியூஷன் வகுப்புகளுக்கு அலைவதற்கு நியாயம் இல்லை.

தாயார் சொல்லும் காரணத்தில் ஒரு பாதியை மாத்திரம் ஏற்கிறோம். பேராதனை என்பதை ஏற்கிறோம். நாள்தோறும் வீட்டிலிருந்து போய்வரல் என்பதை முதலாண்டுக்கு ஏற்கவில்லை. கம்பளையிலிருந்து தூரம் பெரிதன்று என்பது உண்மை. ஆனால் ஆங்கிலத்திற் கற்கப் பழகுவதும், இரவிற் கூடியிருந்து படிப்பதும், சிங்கள, முஸ்லிம் மாணவியரோடு ஓரறையில் வாழ்ந்து அவர்தம் மொழியைக் காதாற் கேட்டுக் கற்பதும் விடுதியிலேதான் நிகழும். வெள்ளிக்கிழமைகளிற் குறிஞ்சிக் குமரன் ஆலயத்துக்குச் செல்லும் தமிழ் மாணவர் கூட்டம் ஒன்று அங்கே எந்நாளும் உண்டு. பிள்ளை தனித்துவிடுவாளென்று தாயார் அஞ்ச வேண்டியதில்லை. சனி ஞாயிறு வீட்டுக்கு வரலாம்.

மாமனார் மனம் வருந்தாதிருக்க இன்னொன்று: பிற்காலத்தில் வாய்ச் சத்திரசிகிச்சை, பற்சீரமைப்பு முதலிய துறைகளில் விசேட வைத்தியராக விரும்புவோர், எப்பீடத்திற் பட்டம் பெற்றிருப்பினும், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்துக்கே வரவேண்டும். மருமகள் அப்பொழுது அவர் வீட்டில் தங்கட்டும்.

ஆகவே விண்ணப்பத்தில், மருத்துவப் பீடங்களை எழுதுவதாயின் அவற்றை எழுதியபின், பேராதனைப் பல்வைத்தியத்தையும் அடுத்து ஸ்ரீ ஜயவர்தனபுரத்தையும் எழுதலாம் என்பது எமது கருத்து. இரண்டு இடங்களையும் பார்த்துவந்த மகள் அவ்வரிசையை மாற்றினால், மகளின் வரிசையே சரி. ஒவ்வொரு பாடநெறிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு. ஒரு எழுத்து மாறினால் இடமே மாறும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் கையேட்டின் நடப்பாண்டுப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, விளக்கு வெளிச்சத்தில் அவசரமாக அன்றிப் பகலில் அமைதியாக நிரப்புக.

இடக்கைப் பழக்கம் பற்றி. அது இத்தொழிலுக்குத் தடையன்று. இடக்கைப் பல்வைத்தியர் உலகெங்கும் உள்ளனர். ஆனால் சிறிது தொல்லை உண்டு. பற்சிகிச்சை நாற்காலிகள் பெரும்பாலும் வலக்கைக்காரருக்கென்றே அமைக்கப்படுகின்றன: துளைகருவி ஒரு பக்கம், விளக்கு ஒரு பக்கம், உதவியாளர் எதிர்ப்பக்கம். சில நாற்காலிகளில் அவ்வமைப்பை மறுபக்கம் மாற்றிக்கொள்ளலாம், சிலவற்றில் இயலாது. இரண்டு பீடங்களையும் பார்க்கப் போகும் நாளில் இடக்கை மாணவர் எங்கே உட்கார்ந்து பழகுகின்றனர் என்று அங்குள்ளோரிடம் கேட்டறிதல் நன்று. அக்கேள்வியைத் தந்தையார் கேட்க வேண்டாம். மகளே கேட்கட்டும்.